தசைநார் இன்னும் குளிக்கவில்லை

ஓடவே ஓடாதவனை ஊர் ஒன்றும் சொல்லாது. ஒரு காலத்தில் ஓடி, நடுவில் விட்டு, மறுபடியும் ஓடப்போகிறேன் என்று ஷூவைத் தூசி தட்டுகிறவனைத்தான் பிடித்துக்கொள்ளும். முன்னாள் எம்.எல்.ஏ.வுக்காவது பென்ஷன் உண்டு. முன்னாள் ஓட்டக்காரனுக்கு மிஞ்சுவது தொப்பையும், பீரோ கைப்பிடியில் தொங்கும் மெடல்களும்தான். ஓட்டம் நின்ற செய்தி வயிற்றுக்கு மட்டும் போய்ச் சேருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெரினாவை அளந்துவிட்டு வந்தவன் எந்த உரிமையில் ஆறு இட்லி சாப்பிட்டானோ, அதே உரிமையில் எட்டரை மணி வரை தூங்கி எழுந்தவனும் சாப்பிடுகிறான்.

ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். அரை என்றால் 21 கிலோமீட்டர், கொசுறாகக் கிட்டத்தட்ட நூறு மீட்டர். இந்தக் கொசுறு லண்டன்காரர்கள் கைங்கரியம். 1908 ஒலிம்பிக்கில் ஓட்டத்தை வின்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் ராஜ குடும்பத்து இருக்கைகளுக்கு எதிரே முடித்தார்கள். அந்த 42.195 கிலோமீட்டர்தான் 1921இல் எல்லோருக்குமான முழு மாரத்தான் தூரமாயிற்று. ராஜ குடும்பம் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்ததற்கு மயிலாப்பூரில் என் முட்டி இன்றுவரை வரி கட்டுகிறது.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி: "அந்த வேர்வைத் துணியெல்லாம் யார் துவைக்கிறது?" கல்லூரியில் படிக்கும் மகன் இன்னும் கருணையானவன். "அப்பா, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு எல்லாரும் வாட்ச்ல பாப்பாங்க. உங்களுக்கு அது வேணாம், காலண்டரே போதும்."

கும்பகோணத்தில் இருந்து சித்தப்பா போன் செய்தார். உறவுக்காரர்கள் நம்மை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவமானப்படுத்துவதற்கென்றே சில பெயர்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். "சுகாதார அமைச்சரா பொறுப்பேத்தாரே, மா. சுப்பிரமணியன், அவர் நூறு அரை மாரத்தானுக்கு மேல ஓடியிருக்காரு, தெரியுமோல்லியோ?" என்று ஆரம்பித்தார். தெரியும் என்றேன். "ஃபௌஜா சிங்னு ஒருத்தர், எண்பது வயசு தாண்டினப்புறம்தான் மாரத்தானே ஓட ஆரம்பிச்சார். நூறு வயசுல டொராண்டோவுல முழு மாரத்தான் முடிச்சார்டா!" அதுவும் தெரியும் என்றேன். "எல்லாம் தெரியறது, ஓடத்தான் தெரியலை" என்று போனை வைத்துவிட்டார்.

முதல் நாள் நாலரை மணிக்குக் கீழே இறங்கியதும் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பதறி எழுந்து கேட்டைத் திறந்தார். "ஆஸ்பத்திரிக்கா சார்? ஆட்டோ கூப்பிடட்டா?" ஓடப்போகிறேன் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது கூப்பிடட்டா சார்?" என்றார்.

மெரினாவில் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி வடக்கே ஓடுகிறவனுக்கு மைல்கல் தேவையில்லை, சிலைகள் போதும். முதலில் காந்தி. கையில் தடியோடு விறுவிறுவென்று நடக்கிற காந்தி. 1930இல் அறுபது வயதில், தண்டிக்கு ஏறக்குறைய 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்து முடித்தவர். அவர் காலடிக்குப் போய்ச் சேரும்போது மூச்சு வாங்கி, நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், கல்பீடத்தில் நிற்கிற அவர்தான் நம்மைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

இன்னும் வடக்கே போனால் கண்ணகி. எனக்கு இந்தச் சாலையில் மிகவும் நெருக்கமானவர் இவர்தான். 2001 டிசம்பரில் பீடத்தை விட்டுப் போய், 2006இல் அதே இடத்துக்குத் திரும்பி வந்தவர். அத்தனை வருட இடைவெளிக்குப் பிறகும் கை உயர்த்திய கோபத்தில் ஒரு சொட்டுக் குறையவில்லை. நடுவில் விட்டுவிட்டுத் திரும்புகிற எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அதையும் தாண்டினால் உழைப்பாளர் சிலை. காந்தியை வடித்த அதே தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். நான் அங்கே போய்ச் சேருகிற தோரணையைப் பார்த்தால் ஐந்தாவது ஆள் வந்துவிட்டான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விட்ட ஓட்டத்தைத் திரும்பப் பிடிப்பது கூட்டுக்குடும்பத்தை வேனில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கிளப்புகிற வேலை. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் கை விடுவது ரத்தம். இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தமும் குறைகிறது. அதே வேகத்துக்கு நாடி கூடுதலாக அடிக்கிறது. ஆனால் திரும்ப ஓட ஆரம்பித்தால் முதலில் சமாதானமாகி வருவதும் இந்தக் கோஷ்டிதான். சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் தலை வாரி, பவுடர் போட்டு, வேனில் ஏறி ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். கொஞ்சம் பின்னால் தசைகள், சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டே வரும். குதிகால் தசைநார் இருக்கிறதே, அதுதான் பெரியப்பா. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, பலம் கூட மாதக்கணக்கில் ஆகும். ஹாரன் சத்தம் எட்டு வீட்டுக்குக் கேட்கும். பெரியப்பா அப்போதுதான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவார். அவர் வருவதற்குள் வண்டியை எடுத்தால் என்ன ஆகும்? பாதி வழியில் போன் வரும். திரும்பித்தான் ஆக வேண்டும்.

என் நண்பர் ஒருவர் அப்படி எடுத்தார். மூன்றாவது வாரம் மூச்சு இரைக்கவில்லை என்று கண்டதும் பழைய வேகத்தில் ஓடினார். இப்போது காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது முதல் பத்து அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வைக்கிறார், குதிகாலுக்கு ஐஸ் கட்டுகிறார், மற்றவர்களுக்கு ஓட்டம் பற்றி அறிவுரை சொல்கிறார். காயம்பட்ட ஓட்டக்காரனைப் போல அறிவுரை சொல்ல ஆரோக்கியமான ஆளால் முடியாது.

ஆகவே மெதுவாக ஓடு என்பதே வேதவாக்கு. எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அந்த அளவு. இந்தச் சோதனையில் எங்கள் ஓட்டக் குழுவில் முதல் மார்க் வாங்குகிறவர் ரியல் எஸ்டேட் செய்கிறார். கலங்கரை விளக்கத்தில் ஆரம்பிக்கிற பேச்சு, செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு லேஅவுட், முப்பதடி ரோடு, கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி என்று போய் உழைப்பாளர் சிலையில்தான் முற்றுப்புள்ளி காணும். மூச்சு விட்டாரா என்றே தெரியாது. என்னால் முடிந்தது "ம்" மட்டும். ஒவ்வொரு "ம்"மையும் அவர் சம்மதமாகக் கணக்கில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஓட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு மனை பார்க்கப் போகிறோம் என்று என் மனைவிக்கு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சென்னையில் ஓடுவதற்கு இன்னொரு சிறப்பு உண்டு: வேர்வை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, நம்முடையதை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. ஆகவே அது காயாமல் சட்டை, சாக்ஸ், ஷூ என்று வரிசையாக இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் போடும். முன்னால் போகிறவர்கள் ஆள் வருகிறதென்று தெரிந்து ஒதுங்கிக்கொள்ளலாம். ஏசி அறையிலேயே உட்கார்ந்து பழகிய உடம்பு இந்தப் புழுக்கத்துக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய நாட்களில் மாட வீதி முனையில் ஒரு கூட்டம் என்னைத் துரத்தும். இப்போது நான் வருவதைப் பார்த்து எழுந்தன, ஒரு முறை குரைத்தன, என் வேகத்தைக் கவனித்தன, திரும்பப் படுத்துவிட்டன. ஓடுகிறவனைத் துரத்துவதுதான் நாயின் தர்மம். என் விஷயத்தில் அந்தத் தர்மம் பொருந்துமா என்று அவற்றுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இத்தனையையும் சமாளித்தாலும் மார்கழி வந்துவிடும். ஜனவரி ஓட்டத்துக்குத் தயாராகிறவனின் மிக முக்கியமான வாரங்கள் எல்லாம் மார்கழியில்தான் விழுகின்றன. மயிலாப்பூரில் மார்கழி விடியற்காலை என்றால் பஜனை, வாசல் நிறையக் கோலம், கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல். கோலத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடுவதே தனிப் பயிற்சி. ஆனால் தொன்னையில் நெய் மிதக்க, முந்திரி ஒரு பக்கமும் மிளகு ஒரு பக்கமுமாக ஆவி பறக்கிற பொங்கலைத் தாண்டுவதற்கு இதுவரை எந்தப் பயிற்சியாளரும் வழி சொல்லவில்லை. நான் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். ஓடுகிறவனுக்கு எரிபொருள் கிளைக்கோஜன். தசையிலும் ஈரலிலுமாகச் சுமார் 400, 500 கிராம்தான் உடம்பில் தங்கும். அது தீர்ந்துபோவதால்தான் முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டர் வாக்கில் சுருண்டு விடுகிறார்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அரிசி, உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தை ஏற்றிக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான். நான் மார்கழி முதல் தேதியிலிருந்தே ஏற்றிக்கொள்கிறேன். "அது கடைசி மூணு நாளுக்குத்தானேப்பா?" என்று மகன் கேட்டான். முன்னேற்பாடு என்றேன்.

பயிற்சி முடிகிற நிலையில் என் நிலவரம் இதுதான். இதயம் வேனில் ஏறியாயிற்று. தசைகள் படியில் நிற்கின்றன. பெரியப்பா குளித்துவிட்டார், விபூதி தேடிக்கொண்டிருக்கிறார். பழைய நேரத்தை முறியடிப்பதெல்லாம் என் உத்தேசத்தில் இல்லை. கடைசியாக வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி பின்னால் வரும். அதற்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும். நேரத்தோடு முடித்தாலும், நொண்டிக்கொண்டு முடித்தாலும், ஓட்டத்தின் லாபம் ஒன்று எனக்கு நிச்சயம். அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுக்கு அப்பால் கூப்பிட்டால், "கால் வலி சார், ஒரு அடி எடுத்து வைக்க முடியல" என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.