தேசிமர நோய்நூல்: மொன்றியல் காண்டம்

கண்ணூறு கழிக்கும் கனிக்கே கண்ணூறு பட்டால் எதை வெட்டிக் கழிப்பது? மொன்றியல் தமிழ் வீடுகளின் யன்னலோரத்தில் தை மாதந்தோறும் எழும் இவ்வினாவை ஆராயவே இந்நூல் செய்யப்பட்டது.

பரபக்கம்: இலை கொட்டுவதற்குக் காரணம் கூறும் மதங்கள் பல. பார்க் எக்ஸ்டென்ஷன் மாமி பார்த்துவிட்டுப் போன மறுநாளே கொட்டியது என்பர் கண்ணூற்றுவாதிகள். இவர்களால் தீங்கில்லை. தாகவாதிகளே ஆபத்தானவர்கள். இலை வாடினால் தண்ணீர், மஞ்சளானால் தண்ணீர், விருந்தாளி வந்தால் அவருக்குத் தேத்தண்ணி, மரத்துக்குத் தண்ணீர்.

சுபக்கம்: விரலை மண்ணில் இரண்டு அங்குலம் இறக்குக. ஈரம் ஒட்டினால் செம்பைக் கீழே வைக்க. நீரில் ஊறிய வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது. ஆகவே வெள்ளத்தில் நிற்கும் மரமும் தாகத்தில் வாடுவது போலவே வாடும். அதைக் கண்டு தாகவாதி இன்னும் ஊற்றுவார்.

மார்கழிப் பகல் இங்கே ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. வேர் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே குளிர்ந்து கிடக்க, இலையில் மட்டும் யன்னல் வெயில் பட்டால் இலை உதிரும். சாடியைத் தரையிலிருந்து உயர்த்த ஒரு பலகை போதும். சாமியறைப் பலகையை எடுத்ததால் விளையும் சச்சரவு இந்நூலுக்குப் புறம்பு.

மஞ்சளிலும் சாதி உண்டு. முற்றிய இலை முதலில் வெளிறினால் நைதரசன் பசி. தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புக் குறை. செயின்ற் லோறன்ஸ் ஆற்றுக் குழாய்த்தண்ணீர் சற்றே காரமானது. ஊற்ற ஊற்ற மண் இரும்பைப் பூட்டிவைக்கும். உப்புத் தூவாத இடத்துப் பனியை உருக்கி, குளிர் போனபின் ஊற்றலாம். இலவசம் என்பதால் இச்சிகிச்சைக்கு மறுப்பாளர் இல்லை.

ஹீட்டர் காய்ச்சிய காற்றில் சிலந்திப்பேன் பெருகும். வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்து இலையைத் தட்டுக; விழுந்த புள்ளிகள் நடந்தால் அவையே. மரத்தைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுக. காலை ஏழு மணிக்கு வேண்டாம்.

இனித் தீராத வழக்கொன்று. ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளும் மூவிலையுமாய் ஒரு கொப்பு கிளம்பினால், அது அடிமரத்தின் களவு, வெட்டுவதே விதி. ஆனால் வீட்டு ஆச்சி அதை வில்வம் என்று கும்பிட்டுவிட்டார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அவரை முழுதாக மறுக்கவும் வழியில்லை. சிவராத்திரி முடியும்வரை கத்தரிக்கோலுக்குத் தடை.