நானே நான் என்பதற்கு அத்தாட்சி

முற்காலத்தில் வங்கியில் கணக்குத் தொடங்கப் பிரியப்பட்டவன், அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த பலசரக்குக் கடைக்காரரையோ பள்ளிக்கூட வாத்தியாரையோ அழைத்துப்போய், ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று ஒரு கையொப்பம் போடச் செய்தால் காரியம் சித்தியாகிவிடும். 2002-இல் ரிசர்வ் வங்கி ‘வாடிக்கையாளரை அறிக’ என்று சுற்றறிக்கை விட்டபின், மனிதனின் சாட்சியம் மங்கிக் காகிதத்தின் சாட்சியம் ஓங்கியது.

இதில் விசேஷ சங்கடம் நம்மவர்க்குத்தான். குடும்பப் பெயர் என்றொரு வஸ்து இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே தாங்கி ஆயுளை ஓட்டுகிற ஜாதி நாம். என் ஆதார் அட்டையில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னே போய் உட்கார்ந்திருக்கிறது. இனிஷியலைக் கடைசிப் பெயராக ஏற்காத பான் அட்டையிலோ, காலஞ்சென்ற தகப்பனாரே முழுப் பெயருடன் எழுந்தருளியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் ஆராய்ந்த கவுன்ட்டர் பெண்மணி, “இது அப்பா, சரி, நீங்கள் எங்கே சார்?” என்றார், மிக்க மரியாதையுடன்.

எதிரே நின்றுகொண்டிருந்த அடியேனை அவர் ஆதாரமாகக் கொள்ளவில்லை. அதற்குச் சுயசான்றொப்பமிட்ட நகல் வேண்டுமாம்.

ஒருவழியாக என்னை ‘அபாயம் குறைந்தவர்’ வகுப்பில் சேர்த்தார்கள்; இனிப் பத்தாண்டுக்கொருமுறை நிரூபித்தால் போதும். வீட்டில் சொன்னேன். “அவர்களுக்கென்ன தெரியும்!” என்றாள் என் சகதர்மிணி.