பழைய பச்சை

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்றால் உன் சிரிப்பு நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"பாளையங்கோட்டையில கார் ஓட்டினவளுக்கு அங்க போயி என்ன எல் போர்டு?" என்றாய். நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்து 12 மாதம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு நானும் பதினேழு வயதுப் பையனும் ஒன்று. காரின் முன்னாலும் பின்னாலும் வெள்ளை அட்டையில் சிவப்பு எழுத்தை ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகவேண்டியதுதான்.

சொல்லித் தருகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த என் தலையைப் பார்த்தும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். கிளட்ச், கியர், ரவுண்டானா எதிலும் அவருக்கு என்மேல் குறையில்லை. அவருடைய கவலையெல்லாம் சிக்னல்தான்.

நம்ம ஊர் சிக்னலில் நம்பர் ஓடும். ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கும்போதே அத்தனை வண்டியும் உறும ஆரம்பித்துவிடும். இங்கே வண்டிக்காரனுக்கு நம்பர் கிடையாது. பச்சை எப்போது போகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். திடீரென்று மஞ்சள் வரும், 3 விநாடி இருக்கும், சிவப்பாகிவிடும். நம்மிடம் மஞ்சள் என்றால் மிதி. இங்கே சட்டப்படி மஞ்சள் என்றாலே நில். கோட்டைத் தாண்டிய பிறகு மஞ்சள் வந்தாலோ, பிரேக் போட்டால் விபத்தாகிவிடும் என்கிற அளவுக்குக் கோட்டை நெருங்கியிருந்தாலோ மட்டும் போகலாம்.

அந்த "நெருங்கி" எவ்வளவு தூரம்? நீ பஸ் ஓட்டுகிறவன், உனக்கு இந்தக் கணக்கு ருசிக்கும். ஊருக்குள் 30 மைல் வேகம், நம் கணக்கில் 48 கிலோமீட்டர். 3 விநாடியில் வண்டி 40 மீட்டர் ஓடிவிடும். அந்த வேகத்தில் நிற்க 23 மீட்டர் வேண்டும் என்கிறது இங்கத்திய சாலை விதிப் புத்தகம்: மூளை யோசித்துக் காலுக்குச் சொல்வதற்குள் 9 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 14. ஆக, கோட்டுக்கு 23 மீட்டருக்குள் வந்துவிட்டால் போ, இரண்டு விநாடி கூட ஆகாது. அதற்கு அப்பால் இருந்தால் நில். எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது.

இது காய்ந்த ரோட்டுக்கு. மழையில் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்று அதே புத்தகம் சொல்கிறது. 46 மீட்டர். இப்போது 40-க்கும் 46-க்கும் நடுவில் இருக்கிறவன் கதியைப் பார். நின்றால் கோட்டைத் தாண்டித்தான் நிற்பான். போனால் சிவப்பில் போவான். திரிசங்கு மாதிரி அந்த 6 மீட்டரில் தொங்கவேண்டியதுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கேசிஸ், ஹெர்மன், மாரடூடின் என்று அமெரிக்காவில் மூன்று பேர் 1960-லேயே இந்தச் சங்கடத்தைக் கணக்குப் போட்டுக் கட்டுரையாக்கிவிட்டார்கள். அவர்கள் லண்டன் மழையில் எல் போர்டு கட்டி ஓட்டினார்களா என்று கட்டுரையில் இருக்காது.

நம் வாத்தியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். "மஞ்சள் வந்தாப் பிறகு யோசிக்கிறதில்லை பிள்ளை. வர முன்னமே யோசிச்சு வைக்கோணும்" என்பார். தூரத்தில் பச்சை தெரியும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"உந்தப் பச்சை எப்ப வந்தது? கண்டனீங்களோ?"

"இல்லையே, நான் பார்க்கும்போதே பச்சைதான்."

"அப்ப அது பழைய பச்சை. நம்பக்கூடாது."

நம் கண்முன்னால் மாறியது புதுப் பச்சை, கொஞ்ச நேரம் தாங்கும். பழைய பச்சைக்கு ஆயுசு எவ்வளவோ! அதனால் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து லேசாக எடுத்து, பின்னால் முட்டிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியைப் பார்த்து, பக்கத்து ரோட்டில் வண்டிகள் காத்து நிற்கின்றனவா, நடைபாதையில் யாராவது பொத்தானை அமுக்கிவிட்டு நிற்கிறார்களா என்று கவனிக்கவேண்டும். அதற்கிடையில் அவர் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். "இப்ப மஞ்சள் வந்தா?" நிப்பேன். "இப்ப?" நிப்பேன். "இப்ப?" போயிருவேன். அந்தக் கடைசிப் பதிலுக்குப் பிறகு மஞ்சள் வந்தாலும் மனசு மாறக்கூடாது. பாதியில் பிரேக்கை மிதிக்கிறவனைவிட ஆபத்தானவன் கிடையாது என்கிறார். அது சரிதான் என்று எனக்கும் படுகிறது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பச்சையிலும் பயந்து ஊர்ந்தால் அதுவும் குற்றம். பரீட்சையில் தேவையில்லாத தயக்கத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிழை 15 வரை மன்னிப்பு, பெரிய பிழை ஒன்றே ஒன்று போதும், வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு வேடிக்கை. பச்சை வருமுன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து 2 விநாடி எரியும். கியர் போட்டுத் தயாராகு, ஆனால் அசையாதே என்று அர்த்தம். நம்ம ஊரில் இப்படி வைத்தால் அதற்குள் பாதி வண்டி அடுத்த சிக்னலில் இருக்கும்.

இந்த வம்பெல்லாம் ஆரம்பித்ததும் இதே ஊரில்தான். 1868-ல் பார்லிமென்ட் சதுக்கத்தில் ஒரு ரயில்வே எஞ்சினியர் முதல் சிக்னலை நட்டார். ராத்திரிக்குக் கேஸ் விளக்கு, சிவப்பும் பச்சையும் மட்டும். ஒரு மாதம் ஆவதற்குள் வெடித்துவிட்டது. மஞ்சளைச் சேர்த்த புண்ணியவான் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ், 1920-ல். அவர் சேர்த்தார், நான் அனுபவிக்கிறேன்.

லைசென்ஸ் வாங்கிவிட்டாலும் நிம்மதி இல்லை. சிவப்பைத் தாண்டினால் வழக்கமாக 100 பவுண்டு அபராதம், 3 புள்ளி. புதிதாக வாங்கியவர் இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்த்தால் லைசென்ஸ் ரத்து. இரண்டே சிவப்பு, மறுபடியும் எல் போர்டு.

நீயும் மதினியும் கோடையில் வருவதாகச் சொன்னீர்களே, ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லித் தாரேன்" என்றாயே, அது நடக்காது. பக்கத்தில் உட்காருகிறவரிடம் இந்த நாட்டு லைசென்ஸோ ஐரோப்பிய லைசென்ஸோ 3 வருஷமாக இருக்கவேண்டும். உன் இருபது வருஷ பஸ் சர்வீஸ் இங்கே எடுபடாது. ஆனால் விருந்தாளியாக வருகிற நீ உன் இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் தாராளமாகக் கார் ஓட்டலாமாம். சட்டம் அப்படி. ஆகவே நான் பாடம் படிக்கும்போது நீ பின்சீட்டில் மதினியோடு உட்கார்ந்து வா. "மிதி, மிதி" என்று மட்டும் சத்தம் போடாதே. வாத்தியாருக்கு நெஞ்சுவலி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை