விசாவுக்கு ஒரு முகம்

கேள்வி: பல வருஷங்களாக மூக்குக்கண்ணாடி அணிந்து வருகிறேன். அமெரிக்க விசாவுக்குப் படம் எடுக்கப் போனால், அதைக் கழற்றச் சொல்கிறார்கள். கண்ணாடியில்லாத முகம் என் முகம்தானா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கள் முகமேதான், அம்மணி, சுற்றத்தாருக்குத்தான் அது சற்றுப் புதிது! 2016 நவம்பர் 1 முதல் விசாப் படத்தில் கண்ணாடிக்கு இடமில்லை. வைத்திய காரணமிருந்து, மருத்துவர் கையொப்பமிட்ட சான்றும் இருந்தாலன்றி விலக்குக் கிடையாது. ஆகவே, ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவுடனேயே அதைக் கழற்றிவிட்டு, மூக்கின் இருபுறமும் அது பதித்திருக்கும் சிவந்த தழும்புகள் மங்கும்வரை அமர்ந்திருந்து, பிறகு வெள்ளைத் திரைக்கு முன்னால் இரு கண்களையும் நன்றாகத் திறந்து, கல்யாண ஆல்பத்துக்குரிய சிரிப்பைக் கல்யாணத்துக்கே விட்டுவைத்து, சாந்த பாவத்துடன் காமிராவை நேராக நோக்குங்கள். படம் 2 அங்குலச் சதுரம். அதில் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை 1 அங்குலத்துக்குக் குறையாமலும் 1⅜ அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். முகச் சுருக்கங்களைத் துடைத்துத் தர ஸ்டுடியோக்காரர் பிரியத்தோடு முன்வந்தால், வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். திருத்திய படம் செல்லாது என்பது ஒருபுறமிருக்க, அந்தச் சுருக்கங்களும் தாங்கள் சம்பாதித்தவைதாமே! கைக்குழந்தையும் உடன் வருவதானால், வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கலாம். தாங்கிப் பிடிக்கும் பாட்டியின் வளைக்கை மட்டும் படத்தில் விழக் கூடாது.