சரக்குக்கு நாம் செய்யும் மரியாதை

காரைக்கால் எல்லையிலுள்ள பூவத்தில் நண்டலாற்றுப் பாலம் ஏறுகிற லாரியில் சரக்குக்கு ஒரு குறையும் இருக்காது. தார்ப்பாய் மடிப்புக் கலையாமல் போர்த்தி, கயிற்றை இழுத்து முடிந்திருப்பார்கள். மழை படக்கூடாது, மூட்டை அசையக்கூடாது, எடை ஒரு கிலோ குறையக்கூடாது. வண்டி இப்போது சீர்காழி தாண்டியதா, கடலூர் தாண்டியதா என்பதை அனுப்பியவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு இருக்கிறது. ஒரு நாடு ஒரு பொருளின் மேல் இத்தனை அக்கறை வைத்திருந்தால் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

காரைக்காலிலிருந்து சென்னைக்குப் போகிற பாதை எல்லைகளால் ஆனது. பூவத்தோடு புதுச்சேரி அரசின் நிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பொறையாறு, தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று போய், முள்ளோடையில் மறுபடி புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் திரும்பவும் புதுச்சேரி, அதைத் தாண்டினால் இன்னொரு முறை தமிழ்நாடு. முன்பெல்லாம் வணிகவரிச் சோதனைச்சாவடிகளில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சாராயம், மதுபாட்டில் கடத்தல் பார்க்கிற போலீஸ் சோதனை தவிர, சரக்கு இப்போது எந்த எல்லையிலும் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருப்பு முழுவதும் குடோன் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே காத்திருப்பது ஓட்டுநர். லோடு ஏற்ற அரை நாள், இறக்க அரை நாள். ஹால்டிங் காசு என்று கேட்டால், பார்ட்டி தரவில்லை என்று புக்கிங் ஆபீஸில் சொல்வார்கள். சாலையில் மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு மணி நேரம்கூட அவருக்கு வந்து சேரவில்லை. அத்தனையும் சரக்கின் கணக்கில் ஒழுங்காக வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மரியாதையின் உச்சம் இ-வே பில் என்ற மின்னணு வழிச்சீட்டு. ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். இதை வகுத்தவர்களின் நிதானம் என்னை உண்மையாகவே வியக்கவைக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், அதில் ஒரு பகுதிக்கும் இன்னொரு நாள். காரைக்கால் - சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே இரண்டு நாள். முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவில்தான் முடியும் என்பதும் விதி. திங்கள்கிழமை மாலை எடுத்த பில் புதன்கிழமை நள்ளிரவு வரை செல்லும். டயர் வெடிக்கலாம், பாலத்தில் நெரிசல் இருக்கலாம், மழை பிடிக்கலாம். எல்லாவற்றையும் யோசித்து, அவசரப்படாதே என்று அரசே அந்தக் காகிதத்துக்குச் சொல்லியிருக்கிறது. அதையும் மீறித் தாமதமானால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம்.

அதே திங்கள்கிழமை மாலை அதே வண்டியை ஓட்டுகிறவரிடம் புக்கிங் ஆபீஸ் பேசுவது வேறு.

"காலையில அஞ்சு மணிக்கு கேட்ல நிக்கணும்ண்ணே. லேட்டானா வாடகையில பிடிப்பாங்க."

சென்னையில் பல சாலைகளுக்குள் பகலில் கனரக வண்டி நுழைய முடியாது. அதனால் இரவு முழுக்க ஓட்டியே ஆக வேண்டும். காகிதத்துக்கு இரண்டு நாளைக்கு மேல், மனிதருக்கு ஓர் இரவு. சரக்கு போய்ச் சேர எவ்வளவு நேரம் நியாயம் என்று தெரியாமல் இருந்திருந்தால் மன்னிக்கலாம். நமக்குத் துல்லியமாகத் தெரியும். விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

ஓட்டுநருக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், எழுதியவர்கள் நெடுந்தூர வண்டியில் போகிறவரின் முதுகுவலியை அறிந்திருக்கிறார்கள். அதன்படி நாளுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 என்று இருந்தது. நெடுந்தூரத் தடம் என்றால் அனுமதி வாங்கி 10 மணி நேரம் வரை, வாரத்துக்கு 54 வரை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும்வரை 9 மணி நேரம் இடைவிடாத ஓய்வு. இரவு தங்க வேண்டிய இடங்களில் ஓய்வறை. ஐரோப்பாவில் லாரிக்குள் ஒரு பதிவுக் கருவியைப் பொருத்தி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும் என்று கண்காணிக்கிறார்கள். நம் சட்டத்துக்கு அப்படி ஒரு கருவி தேவைப்படவில்லை. நம்பிக்கையின் பேரில் விட்டுவிட்டோம்.

அந்தச் சட்டம் நாகரிகமானதும்கூட. ஐந்து தொழிலாளர்களாவது இல்லாத இடத்துக்குள் அது நுழைந்ததில்லை. நம் லாரி உலகில் பெரும்பாலானவை சில வண்டிகளே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. கடன் வாங்கி ஒற்றை லாரி எடுத்துத் தானே ஓட்டுகிறவரிடம் ஓய்வறையைப் பற்றிப் பேசி அவரைச் சங்கடப்படுத்தவில்லை. வேலை நேரத்தை மட்டும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு எல்லா ஓட்டுநர்களுக்கும் விரித்து வைத்தது. விரித்த பாய் அப்படியே இருக்கிறது, யாரும் படுத்ததில்லை. பிறகு தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து, 1961 சட்டத்தையும் உள்ளடக்கிய புதிய சட்டத் தொகுப்பை 2020இல் இயற்றி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். அதில் ஐந்து என்பது பத்து ஆகியிருக்கிறது. ஐந்து வண்டி, ஏழு வண்டி வைத்திருக்கும் நடுத்தர முதலாளிகளின் தொழிலாளர்களுக்கும் அந்தச் சங்கடம் தீர்ந்தது.

2018ஐத் தனியாகப் பாராட்ட வேண்டும். அந்த ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து ஏறியது, மூன்று அச்சு டாரஸ் 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் தேசிய பெர்மிட் விதி திருத்தப்பட்டது. அதுவரை அந்த வண்டிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்னால் கால் நீட்டிப் படுக்கலாம் என்பதற்குத்தான் அது. அந்த இரண்டாமவரின் தேவை நீக்கப்பட்டது. ஒரே ஆண்டில் வண்டிக்குச் சுமை கூடியது, வண்டிக்குள் ஆள் குறைந்தது. கிளீனர் என்று ஒருவர் கூடப் போன காலமும் போய்க்கொண்டிருக்கிறது. திண்டிவனத்தைத் தாண்டிய பின்னிரவில், கண்ணைச் சொருகும் நேரத்தில், பேச்சுக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் ஒருவர் 28 டன்னைக் கொண்டுபோகிறார். இதை வளர்ச்சி என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வாடகைக் கணக்கில் உண்மையாகவே மிச்சமாகிறது.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டியைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி ஐஸ் அடுக்கி, உருகினால் வழியில் நிறுத்தி மறுபடி போட்டு, சூடு தெரியாமல் கொண்டுபோவார்கள். வஞ்சிரத்தின் செவுள் சிவப்பு மாறக்கூடாது. முன்னால் இன்ஜின் சூட்டில் பனியன் நனைந்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு வந்திருக்கிறது. மீனுக்குக் கிடைத்துப் பல தலைமுறைகளுக்குப் பிறகு வந்தாலும், வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். அதற்கு முந்தைய நாள்வரை தயாரான லட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் கேபினில் கிழக்குக் கடற்கரையின் சித்திரை வெயில் இருக்கும்.

நம் அமைப்பு ஓட்டுநரை மறந்துவிட்டது என்ற குற்றச்சாட்டையும் ஏற்க முடியாது. சரியான நேரத்தில் நினைவு வைத்துக்கொள்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி தடுப்பில் ஏறி ஒரு உயிர் போனால், வழக்கில் எழுதப்படும் முதல் பெயர் அவருடையதுதான். அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் அது ஐந்து ஆண்டு வரை. தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை என்ற பிரிவும் எழுதப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாள்களில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓய்வறைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்ற சட்டம், சிறைக்கு ஒருவர் போதும் என்கிறது. அவரை ஐந்து மணிக்கு வரச் சொன்னவரின் பெயர் அந்த வழக்கில் எங்கும் இருக்காது. வாடகை பேசியவர், இரவில் கிளப்பியவர், தாமதத்துக்குப் பிடித்தம் போட்டவர் எல்லாரும் சாட்சியாகக்கூட வரமாட்டார்கள்.

சரக்கு அப்போதும் கைவிடப்படாது. வேறு வண்டி வரும். அதன் எண்ணை இ-வே பில்லின் 'பி' பகுதியில் பதிந்தால் போதும், மூட்டைகள் மாறி ஏறிப் பயணம் தொடரும். நேரம் போதாவிட்டால் நீட்டிப்புக் கேட்கலாம். காரணம் கேட்கும் இடத்தில் இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்கு, சரக்கு மாற்றம், விபத்து என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் சரக்குக்கு நாள் கிடைக்கும். ஓட்டுநர் தூங்க வேண்டும் என்பது அந்த வரிசையில் இல்லை. கடைசியில் 'பிற' என்று ஒன்று உண்டு. பூவத்தில் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, அதைத் தேர்ந்து, 'தூக்கம்' என்று எழுதினால் விதி தடுக்காது. வாடகையில் பிடிப்பதை மட்டும்தான் இனி நிறுத்த வேண்டும்.