அணைதலியல்: தொல்காப்பிய நோக்கில் ஓர் அறிமுகம்

மடிக்கணினி தானாக அணைந்துபோதல் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு வெளிவந்ததாகத் தெரியவில்லை, தேடவும் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மூலம், லினக்ஸ் ஓடும் 11 வயது மடிக்கணினி ஒன்று. கால எல்லை சித்திரை முதல் வைகாசி வரை.

அணைதல் நால்வகைப்படும் என்ப. யார் 'என்ப' என்று கேட்பது ஆய்வு மரபு அன்று.

முதலாவது, பிளக் கழன்றதால் அணைதல். செருகுக.

இரண்டாவது, விரல்வழி அணைதல். பவர் பட்டனை மிதித்தது பேத்தியா பூனையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எவர் மிதித்தாலும், பட்டன் அழுத்தப்பட்டதாக லாக்கில் ஒரு வரி விழும் (என் மனைவி, சமையலறை, வாய்மொழி, காலை 8 மணி).

மூன்றாவது, வெப்பத்தால் அணைதல். இது பாலைத்திணை. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. அதாவது சேமிக்காத கோப்பைப் பிரிதல். சிப்பின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கி எல்லை தாண்டினால், அபாய வெப்பநிலை வந்துவிட்டது, அணைக்கிறேன் என்று லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைத்துவிட்டே படுக்கும். உயில் எழுதிவிட்டுச் சாகும் கண்ணியம் அதற்கு உண்டு.

நான்காவதான மௌன அணைதலே இவ்வாய்வின் உயிர். ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் ஒன்று என்று சேர்த்தால் முந்தைய ஓட்டத்தின் லாக் கிடைக்கும். சில கணினிகளில் லாக் நினைவகத்தில் மட்டுமே இருந்து, அணைந்ததும் போய்விடும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதுபோல. வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஜர்னல் என்றொரு அடைவை உண்டாக்கிவைத்தால் ஏடு தப்பும். நான் வைத்தேன். கிடைத்த கடைசி வரி, வைஃபை இணைந்தது என்பது. அதன்பின் வெறுமை.

ஏடு முடிந்ததா, சிதைந்ததா? வைஃபை வரியே இடைச்செருகல் என்று ஒரு கட்சி வாதிடக்கூடும். மூலம் நின்றுபோன இடத்தில்தானே முனைவர் பட்டங்கள் முளைக்கின்றன. ஆனால் முறையாக அணையும் கணினி ஒவ்வொரு சேவையையும் நிறுத்தி, அதை வரிவரியாகக் குறித்துவைக்கும். குறிப்பே இல்லையென்றால் கர்னலுக்கு எழுத அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் கீழிருந்தே அறுந்திருக்கிறது.

அறுத்தது எது என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. பேட்டரிப் பள்ளியார், பேட்டரி விவரம் சொல்லும் யூபவர் கட்டளையைச் சான்று காட்டுவர்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவில் பாதிகூட மிஞ்சவில்லை, 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே மின்னழுத்தம் சட்டென்று சரியலாம். வெப்பப் பள்ளியாரோ, சூடு மிக வேகமாக ஏறினால் கர்னலைக் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்பர் (ரிப்பேர் கடைத் தம்பி, டீக்கு முந்தைய பாடம், டீக்குப் பிந்தைய பாடம் 'ராமா இருக்கும் சார்' என முடிகிறது, பஜ்ஜிக்குப் பின் அவரே மறுத்த பாடம் எண்ணெய்க் கறை படிந்த பில்லின் பின்புறத்தில் உள்ளது, நான்காம் வரி படிக்க இயலவில்லை).

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டினேன். அப்போதும் அணைந்தது. பேட்டரிப் பள்ளி வாய் மூடியது. கருத்தரங்குகளில் காணக் கிடைக்காத நிகழ்வு இது. சூட்டை அளந்து சொல்லும் சென்சர்ஸ் கட்டளையை ஓடவிட்டு வீடியோ பார்த்தேன். 97 என்று காட்டிய மறுநொடி திரை கறுத்தது.

பின்மூடியைத் திறந்தேன். ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகட்டு வரிசைக்கும் நடுவே, கம்பளித் துண்டுபோல் இறுகிய தூசி. காற்று போக வழியே இல்லை. ஃபேன் மட்டும் உள்ளேயே கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. திணையின் கருப்பொருள் இதுவே எனத் துணிகிறேன்: பூனை மயிர், பருத்தி இழை, ஒரு கடுகு. காய்ந்து பொடியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகவும் தடவினேன்.

9 நாளாகக் கணினி அணையவில்லை. சூடு 70ஐத் தாண்டவில்லை. ஆய்வேட்டுக்கோ இன்னும் இரண்டு இயல்கள் பாக்கி. தூசியை மூலப்பிரதியாகத் தீப்பெட்டிக்குள் பாதுகாத்து வருகிறேன். திரும்ப உள்ளே வைத்தால் தரவு கிடைக்குமா என்று நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். கடுகு மட்டும் தன்னுடையது என்கிறாள் மனைவி.