லாக் அண்ணன்

எல்லா மென்பொருள் கம்பெனியிலும் ஒரு லாக் அண்ணன் உண்டு. எங்களவருக்குச் சொந்த ஊர் தேசூர் பக்கத்துச் சீயமங்கலம், வீட்டிலிருந்தே வேலை. அப்ளிகேஷன் டேட்டாபேஸிடம் என்ன கேட்டாலும் அவர் காதில் விழுந்தாக வேண்டும். எந்த மதிப்பை வைத்துக் கேட்டது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

டேட்டாபேஸிடம் பேசும் ஹைபர்நேட்டில் 'ஷோ எஸ்க்யூஎல்' போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பையன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மதிப்பு வரவேண்டிய இடத்திலெல்லாம் அது கேள்விக்குறியைத்தான் காட்டும். "எங்கம்மா 'அங்க போயி அத வாங்கிட்டு வாடா'ங்கிற மாதிரி இருக்கு தம்பி. எங்க? எத? எவ்ளோ?" மதிப்பையும் காட்டும் பைண்ட் லாகை ட்ரேஸில் வைக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டார்.

நியாயமும் இல்லாமல் இல்லை. ஒருமுறை செஞ்சிக் கிளையின் பில் மட்டும் திரைக்கு வரவே மறுத்தது. க்வெரியில் பிழையே இல்லை. அண்ணன் ட்ரேஸைத் திறந்தார். மதிப்பு சதுர அடைப்புக்குள் வந்து விழுந்தது: [செஞ்சி ]. "'சி'க்குப் பக்கத்துல பாரு." யாரோ ஸ்பேஸ்பாரைக் கூடுதலாக ஒரு தட்டு தட்டியிருந்தார்கள். அன்று அவர் டீ குடித்த தோரணை, 1677இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சிவாஜிக்கே வாய்த்திருக்குமா, சந்தேகம்.

ஊரிலிருக்கும் பல்லவர் குடைவரையையும் அவர் விட்டுவைக்கவில்லை. லளிதாங்குரன், அதாவது முதலாம் மகேந்திரவர்மன், அவனிபாஜன பல்லவேசுவரம் என்ற இக்கோயிலை எடுப்பித்தான் என்று தூணிலேயே கல்வெட்டு இருக்கிறது. "செஞ்சவன் பேரு இருக்கு, கோயில் பேரு இருக்கு. டைம்ஸ்டாம்ப்தான் போடாம விட்டுட்டான்" என்று பல்லவனுக்கே குறை சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நேரலைச் சர்வரிலும் ட்ரேஸை ஆன் செய்துவிட்டுத் தூங்கப் போனார். விடிவதற்குள் லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பிவிட, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் படுத்துவிட்டது. போதாக்குறைக்கு வாடிக்கையாளர்களின் போன் நம்பரெல்லாம் அந்தக் கோப்பில் அப்பட்டமாகக் கிடந்தது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மேனேஜர் முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"ஒரு செகண்டுக்கு மேல இழுக்கிற க்வெரி மட்டும் போதும், அதுவும் மதிப்பு இல்லாம. மிச்சத்த ஆஃப் பண்ணுங்க."

அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆஃப் செய்தார். பிறகு டைரியை எடுத்து எழுதினார்: 'ட்ரேஸ் நிறுத்தம். உத்தரவு: மேனேஜர். நேரம்: காலை 9:42. காரணம்: டிஸ்க். குரல்: கோபம்.'